லெஸ்டர்ஷயரில் ஒரு வேட்டை நாள்



இங்கிலாந்து என்றதும் நம்மில் பலருக்கு இலண்டன் மாநகரும் தேம்ஸ் நதியும் பெரிய மணிக்கூண்டும்தான் நினைவுக்கு வரும். அங்கே பிழைக்கச் சென்ற நம் உறவினர்கள் அனுப்பும் புகைப்படங்களிலும் அவையே நிறைந்திருக்கும். ஆனால் அந்நாட்டின் கிராமப்புறம் வேறோர் உலகம். அந்தக் கிராமப்புறத்தின் பழைய வழக்கங்களுள் ஒன்றைப் பற்றித்தான் இங்கே உங்களோடு பேச விரும்புகிறேன். குதிரை மீதேறி, வேட்டைநாய்க் கூட்டத்தின் பின்னே வேலிகளையும் ஓடைகளையும் தாண்டிப் பாய்ந்து செல்லும் வழக்கம் அது. நம் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி அதற்கு அழைக்கப்பட்டாள். போகலாமா, கூடாதா என்ற கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. அயல்நாட்டில் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்கள் இன்று நம் ஊர்கள்தோறும் இருப்பதால், அந்த அனுபவம் உங்களுக்கும் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

புதிதாய்க் குடிவந்தவர்கள்

என் தங்கையின் குடும்பம் 2014ஆம் ஆண்டு லெஸ்டர் நகரில் குடியேறியது. மச்சானுக்கு அங்கே மருத்துவமனை வேலை. லெஸ்டர் கீழைநாட்டவருக்குப் பழகிய ஊர். 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசிய மக்களை வெளியேற்றியபோது, 'எங்கள் நகருக்கு வராதீர்கள்' என்ற பொருள்பட லெஸ்டர் நகரசபை உகாண்டா நாளேட்டில் விளம்பரமே செய்தது. ஆயினும் மக்கள் வந்தார்கள், கடை வைத்தார்கள், ஆலைகளில் உழைத்தார்கள், நகரையே தழைக்கச் செய்தார்கள். இன்று அங்கே பள்ளிவாசல்களுக்கும் மதரஸாக்களுக்கும் ஹலால் கடைகளுக்கும் குறைவில்லை.

அந்த வசதியை விட்டு, 2021இல் அவர்கள் நகருக்குக் கிழக்கே மெல்டன் மோப்ரே என்ற சிற்றூரின் அருகிலுள்ள ஒரு கிராமத்துக்கு வீடு மாறினார்கள். தோட்டத்தோடு கூடிய வீடு, அமைதியான பள்ளிக்கூடம் என்பவை காரணங்கள். ஆனால் அக்கிராமத்தில் நம்மவர் வேறு எவரும் இல்லை. ஜும்ஆத் தொழுகைக்குக்கூடக் காரில் லெஸ்டருக்கு வர வேண்டும். 2022 டிசம்பர் விடுமுறையில் நான் அங்கே மூன்று வாரம் தங்கியிருந்தேன்.

அந்த நிலப்பகுதியை உங்கள் கண்முன் நிறுத்த முயல்கிறேன். மலையென்று சொல்ல முடியாத மெல்லிய மேடுகள். அவற்றின்மேல் குளிர்காலத்திலும் பசுமை மாறாத புல்வெளிகள். புல்லுக்கடியில் நீளநீளமாய் அலையலையாய் வரப்புகள் தெரியும். பல நூற்றாண்டுகளுக்கு முன் எருது பூட்டி உழுத வயல்களின் தடம் அது. வயலுக்கு வயல் முள்மரங்களால் ஆன உயிர்வேலி. துருவேறிய நிறத்துக் கற்களால் கட்டிய வீடுகள், நடுவே ஒரு தேவாலயக் கோபுரம். டிசம்பர் இறுதியில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்து நிற்கும்.

மெல்டன் நகருக்குப் பேர் வாங்கித் தந்த பண்டங்கள் இரண்டு. ஒன்று, ஸ்டில்டன் என்னும் பாலாடைக்கட்டி. மற்றொன்று, நமக்கு ஆகாத பன்றி இறைச்சியை மாவுக்குள் பொதிந்து சுடும் பணியாரம். பாலாடைக்கட்டி செய்தபின் மிஞ்சும் நீரைப் பன்றிகளுக்கு ஊற்றினார்கள். பன்றி பெருகவே பணியாரம் பெருகிற்று. வேட்டைக்குச் செல்லும் குதிரைக்காரர்கள் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனதால் அதன் புகழ் நாடெங்கும் பரவிற்று. ஆக, அந்த ஊரின் கடைவீதிப் பண்டத்துக்குக்கூட வேட்டையோடு உறவு உண்டு.

ஓர் அழைப்பு

அண்டை வீட்டு அம்மையார் ஆடு வளர்க்கும் விவசாயக் குடும்பத்தவர். அறுபது வயதைக் கடந்தவர். அவரது இலாயத்தில் இரண்டு மட்டக்குதிரைகள் இருந்தன. என் தங்கை மகளுக்கு அப்போது வயது பதினான்கு. ஓராண்டுக்கும் மேலாகச் சனிக்கிழமைதோறும் அவள் அங்கே சாணம் வாரி, வைக்கோல் பரப்பி, அந்த உழைப்புக்கு ஈடாகக் குதிரையேற்றம் கற்று வந்தாள். கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் சிறுவர்களுக்கென்றே ஒரு வேட்டை நாள் வைப்பார்கள் என்றும், தம் குதிரையில் அவள் வரலாம் என்றும் அம்மையார் அழைத்தார்.

தங்கை என்னிடம் சொன்னாள்: "காக்கா, இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தங்கள் காரியத்துக்கு எங்களை இவர்கள் அழைப்பது இதுதான் முதல் தடவை. மறுத்தால் ஊரோடு ஒட்டாதவர்கள் என்று ஆகிவிடும். போனால் பாவமாகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது."

மச்சான் உறுதியாக மறுத்தார். "நாயும் மதுவும் இரத்தமும் உள்ள இடம். நமக்கு அங்கே என்ன வேலை?" என்றார்.

பிள்ளையோ, "மாமா, இப்போது நரியைப் பிடிப்பதில்லை. துணியில் தடவிய வாசனையைத்தான் நாய்கள் துரத்தும். நீங்களே வந்து பாருங்கள்" என்றாள்.

ஒரு காரியத்தை அறியாமல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது ஆலிமுக்கு அழகன்று. ஆகவே இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். மெல்டன் நகர நூலகத்தில் அமர்ந்து படித்தேன். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன்.

வேட்டையின் வரலாறு

நரி கோழியையும் ஆட்டுக்குட்டியையும் தூக்கிச் செல்லும் பிராணி. அதை ஒழிப்பது விவசாயியின் தேவையாக இருந்தது. அந்தத் தேவையை ஒரு விளையாட்டாக மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஹியூகோ மெய்னல் என்னும் நிலப்பிரபு. லெஸ்டர்ஷயரின் குவார்ன் என்ற ஊரில் வாழ்ந்த அவர், 1753 முதல் 1800 வரை அங்குள்ள வேட்டைக் குழுவின் தலைவராக இருந்தார். மோப்பமும் வேகமும் ஒருங்கே வாய்ந்த நாய்களைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார். அதே காலத்தில் பொதுநிலங்களைத் தனியாருக்குப் பங்கிட்டு வேலியடைக்கும் சட்டங்கள் வந்தன. உழுநிலங்கள் மேய்ச்சல் நிலங்களாயின. வேகமான நாய், விரிந்த புல்வெளி, தாண்டுவதற்கு வேலி ஆகிய மூன்றும் சேர்ந்ததும் நாட்டின் செல்வர்களெல்லாம் லெஸ்டர்ஷயருக்குக் குதிரைகளோடு வந்து குவிந்தார்கள். குவார்ன், பெல்வோர், காட்ஸ்மோர் என்னும் மூன்று பெரிய குழுக்களின் எல்லைகள் மெல்டனைச் சுற்றி இருந்தமையால் அச்சிற்றூர் வேட்டையின் தலைநகராயிற்று. (பெல்வோர் என்று எழுதுவதை அவர்கள் 'பீவர்' என்றே உச்சரிக்கிறார்கள்.) 1837இல் வாட்டர்ஃபோர்டு பிரபுவும் அவர் நண்பர்களும் மது மயக்கத்தில் அவ்வூர்க் கதவுகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசி அட்டகாசம் செய்ததை இன்றும் அங்கே கதையாகச் சொல்கிறார்கள்.

நரியைக் கொல்லப் புறப்பட்டவர்களே நரி ஒளிந்து வாழ்வதற்கென்று சிறு காடுகளையும் வளர்த்தார்கள் என்பது வியப்பு. விளையாட்டுக்கு நரி வேண்டுமல்லவா? தேவைக்காகத் தொடங்கிய காரியம் தேவையை மறந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வெள்ளையர் போன இடமெல்லாம் இந்த வழக்கமும் போயிற்று. நம் நீலகிரியிலேயே, உதகை வென்லாக் புல்வெளிகளில், இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த நாய்களை ஏவிக் குள்ளநரியைத் துரத்தினார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் மக்கள் மனம் மாறிற்று. பிராணியை வேடிக்கைக்காக நாய்களிடம் கொடுப்பது கொடுமை என்ற குரல் வலுத்தது. கிராமத்தார் எதிர்த்தார்கள். 2002 செப்டம்பரில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இலண்டனில் பேரணி சென்றார்கள். ஆயினும் 2004இல் இயற்றிய சட்டம் 2005 பிப்ரவரி 18 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்க்கூட்டத்தை ஏவி நரியை வேட்டையாடுவதைத் தடை செய்தது. அதன்பின் குழுக்கள் வாசனைத் தடத்தைத் தொடரும் முறைக்கு மாறின. ஒருவர் முன்கூட்டியே சென்று, நரியின் வாடை தோய்த்த துணியைக் கயிற்றில் கட்டி வயல் வழியே இழுத்துச் செல்வார். நாய்கள் அத்தடத்தைப் பிடித்து ஓடும். இதுவும் பழைய வேட்டைக்கு ஒரு திரைதான் என்று குற்றஞ்சாட்டுவோர் உண்டு. 2021இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் பேரமைப்பு தன் நிலங்களில் இதற்கு அனுமதி தருவதை நிறுத்திக்கொண்டது. 2024 தேர்தலில் வென்ற தொழிற்கட்சி, இம்முறையையும் தடை செய்வதாகத் தன் தேர்தல் அறிக்கையில் வாக்களித்தது.

நான் சொன்ன விடை

நம் மார்க்கம் வேட்டையை அறியாததன்று. பயிற்றப்பட்ட வேட்டைநாய் பிடித்துத் தருவதை உண்ண அனுமதித்து, அதற்குரிய ஒழுங்கை அல்மாயிதா அத்தியாயம் கற்பிக்கிறது. குதிரையேற்றத்தின் சிறப்பை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த அனுமதி உணவுக்கும் தேவைக்கும் உரியது. உயிருள்ள ஒன்றை வெறும் விளையாட்டுக்கு இலக்காக்குவதை நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆகவே குதிரையும் ஆகும், நாயும் ஆகும். அவற்றுக்கு முன்னால் ஓடுவது எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிள்ளையை அழைத்து இதைத்தான் சொன்னேன். "துணியின் வாடையைத் தொடரும்வரை நீ போகலாம். உயிருள்ள பிராணியை நாய்கள் துரத்துவதைக் கண்டால், அந்த இடத்திலேயே திரும்பிவிட வேண்டும். யாரோடும் சண்டை வேண்டாம். யாரையும் பழிக்கவும் வேண்டாம். நாயின் ஈரம் பட்டால் கழுவும் முறை உனக்குத் தெரியும். கடிவாளம் உன் கையில் இருக்கிறது, பிள்ளை. நானோ உன் வாப்பாவோ உன் பின்னால் ஓடி வர முடியாது."

மச்சான் அரைமனத்தோடு இசைந்தார்.

அந்த நாள்

முற்பகல் பதினொரு மணிக்குக் கிராமத்துப் புல்திடலில் கூடினார்கள். வேட்டைத் தலைவரும் நாய்களை நடத்துபவரும் செந்நிறக் கோட்டு அணிந்திருந்தார்கள். மற்றவர்கள் கறுப்பு அல்லது பழுப்பு. சிறுவர் சிறுமியர் இருபது பேருக்குக் குறையாமல் மட்டக்குதிரைகளில் அமர்ந்திருந்தார்கள். குதிரைகளின் பிடரிமயிரைப் பின்னி முடிச்சிட்டிருந்தார்கள். எங்கள் பிள்ளை மெல்லிய முக்காட்டை இறுகக் கட்டி, அதன்மேல் தலைக்கவசம் அணிந்திருந்தாள். நீண்ட கோட்டு முழங்கால்வரை மறைத்தது.

தட்டுகளில் மதுக் கிண்ணங்கள் வலம் வந்தன. குதிரை மேலிருந்தபடியே புறப்படுமுன் பருகுவது அவர்கள் மரபு. எங்கள் அம்மையார் முன்பே சொல்லி வைத்திருந்ததால், பிள்ளைக்குச் சூடான ஆப்பிள் சாறு தனியாக வந்தது. அதைக் கண்டு மற்றச் சிறுவர்கள் சிலரும் அதையே கேட்டு வாங்கினார்கள்.

நாய்களை அவர்கள் ஒற்றையாக எண்ணுவதில்லை. "பதினைந்தரை ஜோடி" என்றார் ஒருவர். முப்பத்தொரு நாய்கள் என்று பொருள். நாய் குரைத்தது என்று சொல்வதும் பிழையாம். 'பேசிற்று' என்றே சொல்ல வேண்டுமாம். நடத்துபவர் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைக்க, அழைத்த நாய் மட்டும் தலை நிமிர்ந்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் அந்தக் கட்டுப்பாட்டைக் கண்டு நான் மெய்யாகவே வியந்தேன்.

சவாரி செய்வோருக்கும் ஒழுங்குகள் பல உண்டு. வந்ததும் தலைவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும். நாய்கள் கடக்கும்போது குதிரையின் முகம் அவற்றை நோக்கியிருக்க வேண்டும், பின்கால் திரும்பக் கூடாது. உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்பு நாடா கட்ட வேண்டும். விதைத்த வயலில் குளம்பு படக் கூடாது. திறந்த கேட்டைக் கடைசியில் வருபவர் மூட வேண்டும். வீடு திரும்புகையில், நண்பகலாயினும் சரி, தலைவரிடம் "குட் நைட்" என்று சொல்லி விடைபெற வேண்டும்.

வாடைத் துணியை இழுப்பவர் நான்கு சக்கர வண்டியொன்றில் முன்னமே போய்விட்டார். கொம்பு ஊதியதும் நாய்கள் வயலில் பரவித் தரையை முகர்ந்தன. ஒரு நாய் பேசிற்று, அடுத்தது ஆமோதித்தது, பின்பு முப்பத்தொன்றும் ஒரே குரலாகிப் பாய்ந்தன. அவற்றின் பின்னே குதிரைகள் பாய, நாங்கள் நின்ற மேட்டில் நிலம் அதிர்ந்தது. எங்களோடு கால்நடையாய் வந்த ஊரார் பலர் இருந்தார்கள். சாலையோரத்தில், சட்டம் மீறப்படுகிறதா என்று பார்க்க வந்த இருவர் ஒளிப்படக் கருவியோடு நின்றார்கள். தங்கை என் கையைப் பற்றிக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தாள். பிள்ளை ஒரு தாழ்ந்த வேலியைத் தாண்டிச் சேணத்தில் நிலைத்து அமர்ந்தபோது, "மாஷா அல்லாஹ்!" என்று முதலில் கூவியவர் மச்சான்தான்.

இரண்டாவது தடத்தில்தான் அது நேர்ந்தது. ஒரு சிறு காட்டின் ஓரத்தில் நாய்கள் தயங்கின. துணி போன வழி மேற்கே. ஆனால் நான்கைந்து நாய்கள் கிழக்கே காட்டுக்குள் நுழைந்தன. சற்றைக்கெல்லாம் கூட்டம் முழுவதும் உள்ளே போயிற்று, குரல் மாறிற்று. காட்டின் மறுபுறத்தில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு நரி வெளிப்பட்டு, தாழ்ந்த உடலோடு பழைய வரப்புகளின் குறுக்கே ஓடியது. மேட்டிலிருந்த எங்களுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. உதவியாளர்கள் சவுக்கைச் சொடுக்கிக்கொண்டு நாய்களை மறிக்க விரைந்தார்கள். கொம்பு மீண்டும் மீண்டும் ஒலித்தது. ஐந்தாறு நிமிடங்களுக்குப் பின்னரே நாய்கள் நின்றன. நரி இரயில் பாதையைக் கடந்து தப்பிவிட்டது.

ஆனால் அந்த முடிவுக்காகப் பிள்ளை காத்திருக்கவில்லை. நரியைக் கண்டதுமே குதிரையை நிறுத்தினாள். மற்றவர்கள் அவளைக் கடந்து பாய்ந்தார்கள். கூட்டத்தோடு ஓடப் பழகிய குதிரை தரையை உதைத்துத் திமிறியது. அவள் அதைத் தட்டிக் கொடுத்து, வட்டமிட்டு அடக்கி, சவாரிக்காரர்களை வழிநடத்திய பெரியவரிடம் மெல்லச் சென்றாள். பகல் ஒரு மணிக்கு, "குட் நைட்" என்றாள். அவர் அவளைச் சற்று நேரம் நோக்கிவிட்டு, தொப்பியைத் தொட்டு, "குட் நைட்" என்றார். திரும்பும் வழியில் ஒரு கேட்டைத் திறந்து, வெளிவந்து, மறக்காமல் மூடினாள்.

அதன் பின்

அன்று மாலை அம்மையார் வீட்டுக்கு வந்தார். "உனக்குக் காயமா? பயந்துவிட்டாயா?" என்று கேட்டார். பிள்ளை காரணத்தைச் சொன்னாள். உணவுக்காக அன்றி ஓர் உயிரை விரட்டுவது எங்களுக்கு ஆகாது என்றும், அழைத்ததற்கு மிகவும் நன்றி என்றும், சனிக்கிழமை வழக்கம்போல் இலாயத்துக்கு வருவதாகவும் சொன்னாள். அம்மையார் தேநீரைப் பருகியபடி சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "அப்படியானால் உனக்கேற்ற வேட்டை ஒன்று உண்டு. அங்கே நாய்கள் துரத்துவது மனிதனை" என்றார்.

நாங்கள் திகைத்தோம். அவர் விளக்கினார். பிளட்ஹவுண்ட் என்னும் தொங்குசெவி நாய்களுக்கு மோப்பம் மிக நுட்பமானது. ஒரு மனிதர் வயல்களினூடே ஓடுவார். அவர் உடலின் இயல்பான வாடையன்றி வேறெதையும் பூசுவதில்லை. சிறிது நேரம் கழித்து நாய்களை விடுவார்கள். குதிரைகள் பின்தொடரும். ஓடியவரைப் பிடித்ததும் நாய்கள் செய்வது, அவர் முகத்தை நக்குவது மட்டுமே. அப்படிப்பட்ட குழுக்கள் இங்கிலாந்தில் நெடுநாளாக இருக்கின்றன. வேலி உண்டு, பாய்ச்சல் உண்டு, கொம்பொலி உண்டு. கொலை மட்டும் இல்லை.

2023 இலையுதிர்காலத்திலிருந்து பிள்ளை அத்தகைய ஒரு குழுவோடு சவாரி செய்கிறாள். அம்மையாரே தம் வண்டியில் குதிரையை ஏற்றி அழைத்துச் செல்கிறார். அடுத்த ஆண்டு தங்கை தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னாள். அன்றைக்கு ஓட வேண்டியவர் வரவில்லையாம். நாள்தோறும் ஓடிப் பழகிய மச்சான், 'நான் ஓடுகிறேன்' என்று முன்வந்தாராம். "காக்கா, நாய்களெல்லாம் உங்கள் மச்சானைச் சூழ்ந்து நக்கித் தீர்த்துவிட்டன. மண்ணால் ஒருமுறையும் சேர்த்து ஏழுமுறை கழுவ வேண்டுமே! வீட்டுக்கு வந்தவர் தோட்டத்து மண்ணை வாளியில் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். இன்னும் வெளியே வரவில்லை" என்று அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

வாசகர்களே! அயல்நாட்டில் வாழும் நம் பெற்றோர்கள் இரண்டு வழிகளுள் ஒன்றைப் பற்றிக்கொள்வதைக் காண்கிறேன். சிலர் எதையும் பாராமலே 'ஆகாது' என்று கதவை அடைக்கிறார்கள். அடைத்த கதவுக்குள் பிள்ளை ஏங்குகிறது. வெளியே அண்டை வீட்டார் அந்நியராகவே இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர் ஊரோடு ஒட்டவேண்டும் என்று எல்லாவற்றுக்கும் தலையசைக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. போய்ப் பாருங்கள், கேட்டு அறியுங்கள். நல்லதில் கலந்துகொள்ளுங்கள். எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதைப் பிள்ளைக்கு முன்னமே சொல்லி, நிறுத்தும் பொறுப்பை அதன் கையிலேயே கொடுங்கள். பண்போடு மறுப்பவரை நல்ல அண்டைவீட்டார் வெறுப்பதில்லை. அந்தக் கிராமத்தில் ஊர் விருந்து நடந்தால், எங்கள் வீட்டாருக்கென்று இறைச்சி படாத தட்டு ஒன்று இப்போது தனியே வைக்கப்படுகிறது. அவர்கள் அதைக் கேட்டுப் பெறவில்லை.

பாய்ந்து செல்லும் கூட்டத்தின் நடுவே நின்று திரும்பும் தெளிவை நம் பிள்ளைகள் அனைவருக்கும் வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.